பெருநகரத்தை விட்டுச் சின்ன நகரத்துக்குக் குடிபோகிறது: போகிறதுக்கு முன்னாடி எதையெல்லாம் சோதிக்கணும்?

நடைவண்டி (கேள்வி)

வணக்கம் மக்களே. பெருநகரத்திலிருந்து ரெண்டு மூணு லட்சம் பேர் இருக்கிற ஒரு நகரத்துக்குக் குடிபோகலாம்னு யோசனை. ரெண்டுக்கும் நடுவில் சாலை வழியா நாலு மணி நேரம். வீட்டில் நாலு பேர்: வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறவர் ஒருத்தர், அங்கே போய்த்தான் ஆசிரியர் வேலை தேடணும்ங்கிற நிலையில் ஒருத்தர், ஏழாவது படிக்கிற பிள்ளை, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிற 71 வயசுப் பெரியவர்.

இணையத்தில் தேடினால் அமைதி, நல்ல காற்று, செலவு பாதி என்று ஒரே பல்லவி. அதெல்லாம் தெரிஞ்சதுதான். போன பிறகு எது உதைக்கும், அதை இங்கிருந்தே எப்படிக் கண்டுபிடிக்கிறது, எதை முதலில் செய்யணும், இதுதான் கேள்வி. "நாங்க போனோம், சந்தோஷமா இருக்கோம்" வகைப் பதில் வேண்டாம், கோவிச்சுக்காதீங்க. அளவு, நேரம், எண் இருந்தால் நல்லது.

மூன்றாம்படி

சின்ன நகரத்தில் எது இல்லைன்னு தேடினா ஏமாந்து போவீங்க, அநேகமா எல்லாமே இருக்கும். எது ஒண்ணே ஒண்ணு இருக்குன்னு தேடுங்க. இதய மருத்துவர் இருப்பார், ஒருத்தர். பைபர் இணையம் வரும், ஒரு கம்பியில். ஊருக்குள்ள வர பாலம் இருக்கும், ஒரு பாலம். பெருநகரத்தில் ஒண்ணு படுத்தா பக்கத்துத் தெருவில் இன்னொண்ணு. அங்கே ஒண்ணு படுத்தா அடுத்தது நாலு மணி நேரத் தூரம். உங்க பட்டியலில் ஒவ்வொண்ணுக்கும் எதிரே "இது இல்லாட்டி அடுத்தது எது, எவ்வளவு நேரம்?" என்று ஒரு பத்தி போட்டு நிரப்புங்க. காலியா நிற்கிற கட்டம்தான் உங்க பிரச்சினை.

உங்க வீட்டில் முதல் கட்டம் பெரியவர்தான். வீடு பார்க்கிறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியைப் பாருங்க.

மாரடைப்பில் ரத்தக்குழாய் முழுசா அடைபட்ட வகைக்கு, நோய் உறுதியான நேரத்திலிருந்து 120 நிமிஷத்துக்குள்ள ஆஞ்சியோபிளாஸ்டி (அடைப்பை பலூன் விட்டுத் திறக்கிறது) செய்ய முடிஞ்சா அதுதான் முதல் தேர்வு. முடியாதுன்னா கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டுட்டு, பிறகு கேத் லேப் (ஆஞ்சியோபிளாஸ்டி செய்யற அறை) இருக்கிற இடத்துக்கு அனுப்பணும். நாலு மணி நேரப் பயணம் இந்தக் கணக்கிலேயே வராது. அதனால் அந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு "இதயப் பிரிவு இருக்கா" என்று கேட்காதீங்க, எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க. இப்படிக் கேளுங்க: "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 2 மணிக்கு நெஞ்சுவலின்னு கூட்டிட்டு வந்தா ஆஞ்சியோபிளாஸ்டி இங்கேயே பண்ணுவீங்களா, அனுப்பிடுவீங்களா? அனுப்புறதுன்னா ஊசியை இங்கே போட்டுட்டு அனுப்புவீங்களா?" ரெண்டாவது கேள்விக்குத் தடுமாறினா அந்த ஆஸ்பத்திரியைப் பட்டியலிலிருந்து அடிச்சிடுங்க. இன்னொண்ணும் உண்டு: கேத் லேப் கட்டடம் இருக்கும், மருத்துவர் வாரத்தில் ரெண்டு நாள் மட்டும் வெளியூரிலிருந்து வருவார். பெயர்ப்பலகையில் அது எழுதியிருக்காது. கேட்டாத்தான் தெரியும்.

பக்கவாதத்துக்கும் இதே சோதனை. கட்டி கரைக்கிற மருந்துக்குப் பொதுவான அவகாசம் அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரம், அதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லைன்னு பார்த்தாகணும். ஸ்கேன் கருவி இருந்தா மட்டும் போதாது, ராத்திரியில் அதை இயக்க ஆள் இருக்கணும். அறிகுறி தெரிஞ்ச நேரம், கடைசியா நல்லா இருந்த நேரம், ரெண்டையும் எழுதி வைக்கணும்னு வீட்டில் எல்லாருக்கும் சொல்லிடுங்க. டாக்டர் கேட்கிற முதல் கேள்வியில் அதுவும் ஒண்ணு.

பிறகு வீடு தேடுறப்போ, அந்த ஆஸ்பத்திரியிலிருந்து 15 நிமிஷ வட்டத்துக்குள்ள மட்டும் தேடுங்க. வரைபடச் செயலி காட்டுற நேரத்தை நம்பாம, சாயங்காலம் 6 மணிக்கு ஒருதடவை வண்டியில் போய்ப் பாருங்க. நடுவில் ரயில்வே கேட் இருந்தா அது எத்தனை நிமிஷம் மூடியிருக்குன்னு பாருங்க. ஆம்புலன்ஸுக்கு ரெண்டு பயணம்: அது நிற்கிற இடத்திலிருந்து வீடு, வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி. பல நேரம் சொந்த வண்டியோ பக்கத்து வீட்டு வண்டியோதான் முதலில் கிளம்பும். ஆனா நோயாளியே ஓட்டக் கூடாது.

வீட்டு வாசல் பக்கம் ஒரு கோப்பு இருக்கட்டும்: ஸ்டென்ட் அட்டை, டிஸ்சார்ஜ் சுருக்கம், நல்லா இருக்கும்போது எடுத்த ஒரு பழைய இசிஜி, மருந்துப் பட்டியல். பழைய இசிஜி ரொம்ப முக்கியம். புதுசா வந்த மாற்றம் எது, ஏற்கெனவே இருந்தது எதுன்னு முன்பின் தெரியாத மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வழி. மருந்துக் கடைக்காரரிடம் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பட்டியலைக் கொடுத்து வரவழைக்கச் சொல்லுங்க. ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரை "ஸ்டாக் இல்லை" என்று ஒரு நாள்கூட நிற்கக் கூடாது, 30 நாள் கையிருப்பு எப்பவும் இருக்கட்டும். மருத்துவக் காப்பீட்டில் அந்த ஊர் ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

ஒற்றைக்கம்பி

இணையம், மின்சாரம் ரெண்டு பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

"எங்களிடம் 200 எம்பி வேகம்" என்று சொல்வார்கள். வேகம் பிரச்சினையே இல்லை. நல்ல தரத்தில் குழுவாகப் பேசும் காணொளி அழைப்புக்கு ஏற்ற இறக்க இரண்டு பக்கமும் 4 எம்பி இருந்தால் தாராளம். கேட்க வேண்டியது, கம்பி அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஒட்டவைக்கிறார்கள் என்பது. அதை நிறுவனத்திடம் கேட்டுப் பயனில்லை. அதே தெருவில் இருக்கும் ஜெராக்ஸ் கடை, தனிப்பயிற்சி மையம், கணக்குத் தணிக்கையாளர் அலுவலகம் இவர்களிடம் கேளுங்கள். இணையம் போனால் வயிற்றில் அடிபடுகிறவர்கள் அவர்கள்தான், நாள் கிழமையோடு சொல்வார்கள்.

காப்பு இணைப்பு எடுக்கிறபோது எல்லாரும் செய்யும் தவறு: இரண்டு நிறுவனம், இரண்டு பில், ஆனால் இரண்டு கம்பியும் ஒரே கம்பத்தில். லாரி ஒன்று அந்தக் கம்பத்தை இடித்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். தெருவில் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள், எந்தக் கம்பி எந்தக் கம்பத்தில் ஓடுகிறது என்று தெரியும். இரண்டாவது இணைப்பு கம்பியில்லாததாக, வேறு நிறுவனத்துடையதாக இருப்பது நல்லது. அதற்குச் சிக்னல் போதுமா என்பதை "நாலு கோடு தெரிகிறது" என்று பார்க்காதீர்கள். போனின் அமைப்புகளில் சிம் நிலை என்ற இடத்தில் டிபிஎம் கணக்கில் ஒரு எண் இருக்கும். 4ஜியில் −80 பக்கம் இருந்தால் அருமை, −100 என்றால் ஒப்பேற்றலாம், −110ஐத் தாண்டிப் போனால் அந்த அறையில் வேலை நடக்காது. வேலை பார்க்கப் போகிற அதே அறையில், கதவை மூடிக்கொண்டு, இரவு 9 மணிக்குப் பாருங்கள். கோபுரத்தில் கூட்டம் சேருகிற நேரம் அது. காணொளி அழைப்புக்கு மணிக்குச் சுமார் 1 ஜிபி போகும் என்று வைத்துத் திட்டம் எடுங்கள்.

பைபர் பெட்டியில் லாஸ் என்று ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை, கம்பி எங்கேயோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. ரௌட்டரை அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை, உடனே புகார் கொடுங்கள். இணைப்பு கொடுக்க வருகிறவரிடம் ஒளி அளவு எவ்வளவு என்று கேட்டுக் குறித்து வையுங்கள். இதுவும் டிபிஎம் கணக்குதான்: பொதுவான வீட்டு பைபரில் −8 முதல் −27 வரை ஏற்கும். −20 வந்தால் நிம்மதி. −26 வந்தால் இன்று ஓடும், ஒரு மழைக்குப் பிறகு ஓடாமல் போகலாம். அப்போதே இணைப்பு முனையைச் சுத்தம் செய்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். ஆள் போய்விட்டால் திரும்ப வரவைப்பது பெரும்பாடு.

மின்சாரம். மின்வெட்டைவிட, பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்து நாள் முழுக்க நிறுத்துவதுதான் வேலையைக் கெடுக்கும். அறிவிப்பு எங்கே வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த நாளில் முக்கியமான கூட்டம் வைக்காமல் இருந்தாலே பாதி முடிந்தது.

இன்வெர்ட்டர் கணக்கு இப்படி. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் பெருக்கினால் 1800 வாட்-மணி. அது காகிதக் கணக்கு. லெட் ஆசிட் பேட்டரியை அடிமட்டம் வரை உறிஞ்சினால் சீக்கிரம் செத்துப்போகும், பாதி அளவோடு நிறுத்தினால் 900. இன்வெர்ட்டரிலேயே 15 முதல் 20 சதவீதம் வீணாகும். கையில் கிடைப்பது சுமார் 740. இரண்டு மின்விசிறி, நாலு விளக்கு, மடிக்கணினி, ரௌட்டர் சேர்ந்து 250 வாட் என்றால் மூன்று மணி நேரம். எட்டு மணி நேரம் வேண்டுமென்றால் பேட்டரியை மட்டும் பெரிதாக்காதீர்கள், வேலை அறையைத் தனியாகப் பிரியுங்கள்: மடிக்கணினி, ரௌட்டர், ஒரு விசிறி, ஒரு விளக்கு. 120 வாட்டுக்குள் வந்துவிடும், ஆறு மணி நேரம் தாண்டும். மீதிக்கு மடிக்கணினியின் சொந்த பேட்டரி இருக்கிறது. பைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் தனியாக வைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் ரௌட்டர் அணைந்து, மறுபடி எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகிற தொல்லை தீரும். ஆனால் நீண்ட மின்தடையில் செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீரும். அந்த நாளுக்கு ஒரே மருந்து வேறு பகுதியில் உட்கார ஓர் இடம்.

உப்புநீர்

வீடும் தண்ணியும். யாரும் சொல்லாதது இதுதான்.

முதல்ல ஒரு திருத்தம், வேற இழைகளிலேயும் அடிக்கடி பார்க்கிறேன்: "டிடிஎஸ் மீட்டர் வாங்கி முக்கிப் பார்த்தா போதும்"னு. போதாது. டிடிஎஸ் கரைஞ்ச உப்பு மொத்தமா எவ்வளவுன்னு மட்டும் தோராயமா சொல்லும். என்ன உப்புன்னு சொல்லாது, கிருமியைச் சொல்லாது. 300 காட்டுற தண்ணியில நைட்ரேட் ஏறியிருக்கலாம், 900 காட்டுறது உடம்புக்கு ஒண்ணும் செய்யாம வெறும் சுவை கெட்டதா இருக்கலாம். ஆழ்துளைக் கிணறு இருக்கிற வீடுன்னா சோதனைக்கூடத்துல கொடுத்துப் பாருங்க: கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு, கோலிஃபார்ம் கிருமி. உலக சுகாதார அமைப்பு சொல்ற வரம்பு ஃப்ளோரைடுக்கு லிட்டருக்கு 1.5 மி.கி., நைட்ரேட்டுக்கு 50 மி.கி. கிருமிச் சோதனைக்கு அவங்க கொடுக்கிற பாட்டில்லதான் பிடிக்கணும், குழாயை ரெண்டு மூணு நிமிஷம் திறந்துவிட்டுப் பிடிக்கணும், அன்னைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கணும். சாயங்காலம் பிடிச்சு மறுநாள் கொடுத்தா அந்த முடிவை முழுசா நம்ப முடியாது.

கடினத்தன்மை 180 மி.கி. தாண்டினா ரொம்பக் கடினம்னு கணக்கு. 500, 600 வர்ற கிணறும் உண்டு. அது வீட்டை எப்படித் தின்னும்னா: வாட்டர் ஹீட்டர் உள்ளே கம்பியில சுண்ணாம்பு படியும், சூடாக நேரம் பிடிக்கும், கடைசியில கம்பி வெந்துபோகும். ஷவர் ஓட்டை ஒவ்வொண்ணா அடையும். வாஷிங் மெஷினுக்குள்ள தண்ணி நுழையற இடத்துல இருக்கிற சின்ன வலை அடைச்சுக்கும், மெஷின் "தண்ணி வரலை"ன்னு நிக்கும். இதைப் புது வீட்டுக்குக் குடிபோறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கலாம். குடியிருக்கிறவங்க குளியலறைக் குழாயோட அடிப்பக்கத்தை விரலால தடவிப் பாருங்க. வெள்ளையா, சொரசொரன்னு, நகத்தால சுரண்டினா பொடியா உதிர்ந்தா தண்ணி கடினம். வாளியோட உள் விளிம்புல வெள்ளைக் கோடு இருக்கும். கண்ணாடித் தடுப்பு இருந்தா அதுல திட்டுத் திட்டா காய்ஞ்சிருக்கும். ரெண்டு நிமிஷ வேலை.

மென்நீராக்கி வைக்கலாம், பிசின் நிரப்பின தொட்டி, உப்புக் கரைசல் விட்டு அப்பப்போ புதுப்பிக்கணும். ஒண்ணு கவனிங்க: அது கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தைக் கொடுக்கும். உங்க வீட்டுப் பெரியவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பாங்க. குடிக்க, சமைக்க அந்தத் தண்ணி வேண்டாம், அதுக்குத் தனிக் குழாய் விட்டுடுங்க. குளிக்க, துவைக்க மட்டும் போதும்.

குழாய்த் தண்ணி எத்தனை நாளுக்கு ஒருதடவை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வருதுன்னு வீட்டுக்காரர்கிட்டே கேட்டா "தண்ணிப் பிரச்சினையே இல்லை"ம்பார். அதனால தொட்டியைப் பாருங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு வைங்க, நாலு பேருக்கு 540. மூணு நாளைக்கு ஒருதடவை தண்ணி வருதுன்னா தரைத்தொட்டி குறைஞ்சது 1620 லிட்டர், ஒருதடவை தண்ணி வராம தவறும்னு கணக்கு வைச்சா 3240. வீட்டுக்காரரோட தொட்டியும் உங்களோடதும் ஒண்ணுன்னா அதையும் ஒப்பந்தத்துல எழுதுங்க.

பாதாளச் சாக்கடை இல்லாத பகுதின்னா செப்டிக் டேங்க். மூடி எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க. "டைல்ஸ் போட்டு மூடிட்டோம்"னு சொன்னா, அது நிறையற அன்னைக்கு டைல்ஸை உடைக்கப் போறது நீங்க. கடைசியா எப்ப எடுத்தாங்க, லாரி உள்ளே வருமா, எவ்வளவு நீள ஹோஸ் வேணும்னு கேளுங்க. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதடவை எடுத்தா நல்லது. நிறைஞ்சு வழியற வரைக்கும் விட்டா, சகதி உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணை அடைச்சிடும். அப்புறம் எத்தனை தடவை எடுத்தாலும் ஒரு மாசத்துல திரும்ப நிறையும். அதே வளாகத்துல கிணறு இருந்தா நடுவுல 15 மீட்டராவது தள்ளி இருக்கான்னு பாருங்க.

வீட்டை ஒரே நாள்ல பார்த்து முடிக்காதீங்க. பெரிய மழை பெய்ஞ்ச மறுநாள் ஒருதடவை போங்க. சுவரில் ஈரக் கோடு, மின் மீட்டர் பெட்டிக்குள்ள வண்டல், கேட்டோட அடிப்பக்கம் ஒரே உயரத்துல துரு, எல்லாம் தண்ணி எவ்வளவு ஏறும்னு சொல்லிடும். புதுசா வெள்ளையடிச்ச சுவர்ல கீழே இருந்து ரெண்டடிக்கு மட்டும் சாயம் வேற மாதிரி இருந்தா விசாரிங்க.

நடைவண்டி

மூணு பேருக்கும் நன்றி, இப்படித்தான் எதிர்பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே போன் போடறேன். இன்னும் ரெண்டு: பணக் கணக்கை எப்படிப் போடறது, வீட்டை வாங்கிடலாமா? ஆசிரியர் வேலை அங்கே கிடைக்குமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வரவேடு

பணம். குறையும் தலைப்புகளை எல்லாரும் எழுதுவார்கள்: வாடகை, தினப் பயணம். கூடும் தலைப்புகளை எழுதமாட்டார்கள். சொந்த வண்டி, இல்லாவிட்டால் இரண்டாவது வண்டி. பெருநகரத்துக்கு மாதம் ஒருமுறையாவது போய்வரும் செலவு, தங்கும் செலவோடு. சிறப்பு மருத்துவர், உறவுக்காரர் விசேஷம், விமான நிலையம் எல்லாம் இனி ஒரு பயணம். பிறகு ஒருமுறைச் செலவு: முன்பணம், லாரி, இன்வெர்ட்டர், தண்ணீர்க் கருவி, புது ஜன்னல் அளவுக்குத் திரைச்சீலை. இந்த ஒருமுறைச் செலவைக் கூட்டி 24ஆல் வகுத்து, மாதச் செலவில் சேருங்கள். அதற்குப் பிறகும் இப்போதைய மாதச் செலவில் 15 சதவீதமாவது மிஞ்சினால்தான் பணத்துக்காகப் போகிறோம் என்று சொல்லலாம். அதற்குக் கீழே என்றால் வேறு காரணத்துக்காகப் போங்கள், அதிலும் தவறில்லை.

வீட்டிலிருந்து வேலை என்பதை வாய்ச்சொல்லில் நம்ப வேண்டாம். எழுத்தில் மூன்று விஷயம் வாங்குங்கள்: இந்த முகவரியிலிருந்து வேலை செய்ய அனுமதி, ஊர் மாறியதால் சம்பளம் மாறாது அல்லது இவ்வளவு மாறும் என்பது, அலுவலகத்துக்கு வரச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம் என்பது. வாரம் மூன்று நாள் வரச் சொன்னால் நாலு மணி நேரத் தூரத்திலிருந்து அது முடியாத காரியம், அறை எடுக்க வேண்டிவரும். மாநிலமோ நாடோ மாறுகிறது என்றால் வரிப் பிடித்தமும் மாறலாம், கிளம்பும் முன்பே சம்பளப் பிரிவிடம் சொல்லுங்கள். ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைப்பது வழக்கம் என்றால் இங்கே ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் வையுங்கள். அதே துறையில் அந்த ஊரில் இன்னொரு முதலாளி இருக்கமாட்டார்.

ஆசிரியர் வேலைக்கு இன்றைய காலியிட விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கணக்கு இப்படி: உங்கள் பாடத்தை மேல்வகுப்பில் நடத்தும் பள்ளிகள் ஊரில் 12, ஒவ்வொன்றிலும் அந்தப் பாடத்துக்கு 2 பேர் என்றால் மொத்த இடம் 24. ஓர் ஆசிரியர் சராசரியாக எட்டு வருடம் இருப்பார் என்று வைத்தால் வருடத்துக்கு 3 இடம் காலியாகும். அந்த மூன்றுக்கு உள்ளூரிலேயே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள். ஆளெடுப்பு பெரும்பாலும் கல்வியாண்டு தொடங்கும் முன் ஒரு முறை. அந்த மாதத்தைத் தவறவிட்டால் ஒரு வருடம் சும்மா. ஆகவே விண்ணப்பம் முதலில், லாரி பிறகு. பிள்ளைக்கும் அதே காலண்டர்தான். ஏழாவது நல்ல கட்டம், இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போனால் பொதுத்தேர்வு வகுப்பு வந்துவிடும், அப்போது நகர்த்த வேண்டாம். இரண்டாம் மொழியாக என்ன சொல்லித்தருகிறார்கள் என்பதை மட்டும் சேர்க்கும் முன் கேளுங்கள். பாடத்திட்டம் ஒன்றாக இருந்தும் மொழி மாறிப் பிள்ளை திண்டாடுவது உண்டு.

வீடு வாங்குவது: ஒரு வருடம் முழுக்க வாடகையில் இருங்கள். வெயில், மழை, பள்ளி, பண்டிகைப் போக்குவரத்து எல்லாம் ஒரு சுற்று வரட்டும். சின்னச் சந்தையில் வாங்குவது எளிது, விற்பதுதான் கடினம், வாங்க ஆள் குறைவு.

மூன்றாம்படி

வரவேடு சொல்றதில் ஒண்ணு மட்டும் ஒத்துக்க முடியலை. ஒரு வருஷ வாடகை சரிதான், ஆனா நல்ல வாடகை வீடு அங்கே அரிது. பலதும் வீட்டுக்காரர் தனக்காகக் கட்டினதோட மேல்மாடி. 71 வயசுக்காரருக்கு மாடிப்படி ஆகாது. தரைத்தளம்னு கண்டிப்பா இருந்தா தேடல் மூணு நாலு மாசம் இழுக்கும், அதுக்கு மனசைத் தயார் பண்ணுங்க. ஒப்பந்தத்தில் காலி செய்யச் சொல்ற அவகாசம் மூணு மாசம்னு எழுதுங்க, ஒரு மாசம்னா அடுத்த தரைத்தளம் கிடைக்காம தவிப்பீங்க. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்குதான்னும் பாருங்க. உள்ளே விழுந்தவர் கதவை அடைச்சுக் கிடந்தா, உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது.

கைவிளக்கு

ஆட்கள் விஷயம் ஒண்ணு விட்டுப்போச்சு.

அங்கே பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாம் செயலியில் கிடைக்கமாட்டாங்க. பதினொரு பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறதை வைத்து ஒண்ணும் சொல்லவும் முடியாது. ஹார்டுவேர் கடைக்குப் போய், "உங்ககிட்ட பாக்கி வைக்காம சாமான் எடுக்கிற பிளம்பர் யாரு?" என்று கேளுங்க. கணக்கை ஒழுங்கா தீர்க்கிறவர் வேலையையும் ஒழுங்கா முடிக்கிறவரா இருக்க வாய்ப்பு அதிகம். கூப்பிடும்போது யார் சொல்லி அழைக்கிறீங்கன்னு சொல்லுங்க, அந்தப் பெயருக்காகவே வருவார். ஒருத்தரோட சண்டை போட்டா அடுத்தவர் வரமாட்டார், ரெண்டு பேரும் மாமன் மச்சானா இருப்பாங்க. கோபத்தைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்க.

பொருள் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. இந்தக் கம்பெனி சர்வீஸ் ஆள் இந்த ஊரிலேயே இருக்காரா, பக்கத்து ஊரிலிருந்து வாரம் ஒருதடவை வர்றாரா? குழாயோட உள் கார்ட்ரிட்ஜ் இங்கே கடையில் கிடைக்குமா? பெருநகரத்திலிருந்து அழகான குழாயைக் கொண்டுபோய் மாட்டினா, உள்ளே வாஷர் தேய்ஞ்ச அன்னைக்கு முழுக் குழாயையும் மாத்த வேண்டியதுதான்.

பழக்கம் ஏற்பட ஒரே வழி, வாரத்தில் ஒரே நாள் ஒரே நேரம் ஒரே இடம்: நூலகம், நடைபாதை, விளையாட்டு மைதானம் ஏதோ ஒண்ணு. எட்டுப் பத்து வாரம் ஆகும், முதல் நாலு வாரம் யாரும் பேசமாட்டாங்க. வேலைக்குப் போகாம வீட்டில் இருக்கப் போறவருக்கு இதை முதல் வாரமே ஆரம்பிச்சுக் கொடுங்க. அழைப்பும் கூட்டமுமா வேலை பார்க்கிறவருக்குத் தனிமை தெரியாது, வீட்டில் சும்மா இருக்கிறவருக்குத்தான் தெரியும். ஊரில் சொன்ன எதுவும் ஊரைச் சுத்தி வரும்ங்கிறதையும் மனசுல வைங்க. வீட்டுக்காரரைப் பத்திக் கடையில் புலம்பினா சாயங்காலத்துக்குள்ள அவர் காதுக்குப் போயிடும்.

அட்டைப்பெட்டி

கடைசியா லாரி ஏத்துறது. சுருக்கமா.

புது வீட்டுத் தெருவை டேப் வைத்து அளங்க. பெரிய லாரி அகலம் சுமார் இரண்டரை மீட்டர், கண்ணாடி தனி. தாழத் தொங்குற மின்கம்பி நாலு மீட்டருக்குக் கீழே இருந்தா லாரி முனையிலேயே நின்னுடும், அங்கிருந்து சின்ன வண்டியில் மாத்தணும். இதை முன்னாடியே பேசாட்டி அன்னைக்கு நடுத்தெருவில் பேரம் நடக்கும்.

புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி. 40க்கு 30க்கு 30 செ.மீ. பெட்டியில் புத்தகம் நிரப்பினாலே 20 கிலோ தாண்டும், பெரிய பெட்டின்னா அடி பிஞ்சுடும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண், நோட்டில் எண்ணுக்கு நேரே உள்ளே என்ன, எந்த அறை. எண்ணை மேலே எழுதாதீங்க, அடுக்கின பிறகு தெரியாது, ரெண்டு பக்கவாட்டில் எழுதுங்க.

ஃபிரிட்ஜை முதல் நாளே அணைச்சு உருகவிட்டுத் துடைச்சிடுங்க, நிமிர்த்தியே கொண்டுபோங்க. படுக்கவைச்சுத்தான் வந்ததுன்னா உடனே போடாதீங்க. கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள்ள ஏறியிருக்கும், எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ அவ்வளவு நேரமாவது நிமிர்த்தி வைச்சுட்டுப் போடுங்க. முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி மூணோ நாலோ போக்குவரத்து போல்ட் போடணும், முதல்ல மாட்ட வந்தவர் கழட்டிக் கொடுத்திருப்பார். அது இல்லாம ஏத்தினா டிரம் ஆடி ஸ்பிரிங் போகும். போல்ட் தொலைஞ்சிருந்தா இப்பவே ஆர்டர் போடுங்க. அங்கே போய், போல்ட்டைக் கழட்டாம மெஷினை ஓட்டினா அறை முழுக்க நடந்து போகும். டிவியை நிமிர்த்தித்தான் வைக்கணும். இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படியே, முனைகளில் டேப் ஒட்டி.

திங்கள் அல்லது செவ்வாய் காலையில் போய் இறங்குற மாதிரி கிளம்புங்க. மோட்டார் ஓடலை, மீட்டர்ல பிரச்சினைன்னா அடுத்த நாலு நாள் அலுவலகமும் ஆளும் கிடைக்கும். வெள்ளி சாயங்காலம் இறங்கினா திங்கள் வரைக்கும் வாளியில்தான் தண்ணி. பழைய வீட்டை ரெண்டு வாரம் சேர்த்து வைச்சுக்க முடிஞ்சா வைங்க. பெரியவரை லாரி போற அன்னைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, அங்கே கட்டில் போட்டு, விசிறி ஓடி, குளியலறைக் கைப்பிடி மாட்டி முடிச்ச பிறகு கூட்டிட்டு வாங்க. மருந்தும் அந்த இசிஜி கோப்பும் லாரியில் ஏறக் கூடாது, கைப்பையில்.